பன்னிரண்டு பேரின் பாதத் தண்ணீர்

காலைக் கழுவுவதற்காகக் காலைக் கழுவிக்கொண்டு வரச் சொன்ன சபை உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். குருத்தோலை ஞாயிறன்று ஆராதனை முடிந்து, எல்லாரும் ஓலையைச் சிலுவையாக மடித்துக்கொண்டிருந்தபோது, உபதேசியார் தன் தகரத் தொண்டையில் அறிவித்தார்: "பெரிய வியாழக்கிழம சாயங்காலம் ஐயா பன்னெண்டு பொம்பளைங்களுக்குக் காலு கழுவுறாரு. பேரு வாசிக்கிறவங்க வீட்டுலேயே நல்லாக் கல்லு வச்சித் தேச்சிக் கழுவிட்டு வாங்க."

கோயில் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அது அவருடைய யோசனை இல்லை. போதகர் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தின் சாரம். காகிதத்தில் அது இன்னும் மென்மையாக எழுதப்பட்டிருந்தது.

மென்மை என்ற சொல் அந்த மாதம் முழுக்க எங்கள் வாயில் வெல்லக்கட்டி போல உருண்டுகொண்டிருந்தது. தவசு காலத் தொடக்கத்தில்தான் பண்டாரவளையில் ஒரு மண்டபத்தில் ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்திருந்தது. ஊழியத்தில் சாந்தமும் இரக்கமும் என்பது பொருள். கேட்கும்போது தலையை எவ்வளவு சாய்க்க வேண்டும், துக்க வீட்டில் குரலை எந்த இடத்தில் இறக்க வேண்டும், கையைத் தோளில் எத்தனை நேரம் வைத்திருக்கலாம், எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் போதகர் நல்ல மாணவர். திரும்பி வந்தபோது அவருடைய குரலில் பாலாடை கட்டியிருந்தது. பஸ் கண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்பதற்குக்கூடத் தலையை இடப்பக்கம் சாய்த்தார். அந்தப் பயிற்சிக்கு உபதேசியாரைக் கட்டாயமாக அனுப்பினார்கள். பாதிப் பயிற்சி அவருக்காகவே நடந்தது என்றும் சொல்லலாம். அவர் சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பின்வரிசையில் தூங்கினார்.

நான் இரண்டு நாளும் விழித்திருந்து குறிப்பெடுத்தேன். பதுளையில் எங்கள் திருச்சபை வட்டாரத்தின் மாத இதழுக்கு எழுதுவது என் வேலை. போதகர் போகும் தோட்டங்களுக்கெல்லாம் கூடப் போய், மழையையும் கண்ணீரையும் சரியான அளவில் கலந்து இரண்டு பக்கம் எழுத வேண்டும். நன்றாகத்தான் எழுதுவேன். மலை மேல் மூடுபனி இறங்கினால் அதைப் போர்வையாக்குவேன், கொழுந்து கிள்ளும் விரல்களை வீணை மீட்ட வைப்பேன். கொழுந்து கிள்ளுகிற எந்தப் பெண்ணும் அந்த இதழை வாசித்ததில்லை. வாசித்திருந்தால் என்னைக் கூடைக்குள் போட்டு நிறுத்திருப்பார்கள்.

கோயில், பசறையிலிருந்து லுணுகலை போகும் பாதைக்கு மேலே, ஒரு தோட்டத்தில் இருக்கிறது. நாற்பது குடும்பங்கள். மீதி லயத்து வரிசை வீடுகளெல்லாம் மாரியம்மனுடையவை. அறிவித்தல் முடிந்து சனம் கலைந்தபோது, பெயர் வாசிக்கப்பட்டவர்களில் ஒரு பெண் மட்டும் வாசலிலேயே நின்றாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பிள்ளைக்குக் கொழும்பில் கார்மென்டில் வேலை. இவள் லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் தனியாக இருந்துகொண்டு இன்னமும் தினம் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறவள். போதகர் பக்கத்தில் வந்ததும் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு வேணாங்க ஐயா. வேற யாரையாச்சும் போட்டுக்குங்க. எங் காலுல புண்ணுங்க."

இதைவிட வெளிச்சமாக ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்ல முடியாது. ஆனால் பயிற்சி எடுத்த காது வேறு மாதிரிக் கேட்கும். போதகர் தலையைச் சாய்த்தார். கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். "அம்மா, புண் இல்லாதவர் நம்மில் யார்? அந்தப் புண்ணைத் தொடத்தான் ஆண்டவர் வருகிறார்" என்றார். கையைத் தோளில் வைத்தார். சரியாக மூன்று நொடி. அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். கேட்டுக்கு வெளியே இறங்கும்போது வலது காலைப் பக்கவாட்டில் வைத்து நடந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "வாசலில் தயங்கிய தாழ்மை" என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழிக்கவில்லை. கிழித்தால் நான் நல்லவனாகிவிடுவேன் என்ற பயம்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு, மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் காலைத் தேய்த்துக்கொண்டு, பன்னிரண்டு பெண்களும் வந்து சேர்ந்தார்கள். பீலிக்கரைக் கல்லில் தேய்த்த தேய்ப்பில் சிலருக்குக் கணுக்கால் தோலே உரிந்து சிவந்திருந்தது. அட்டை கடித்த பழைய தழும்புகளையும் தேய்த்துப் போக்கப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தி மருதாணி வைத்திருந்தாள். பன்னிரண்டு பெண்களுக்கும் ஒரே பதற்றம்: ஐயா குனிந்து பார்க்கும்போது நம் காலைப் பார்த்து முகம் சுளித்துவிடக் கூடாது. கழுவப்படுகிறவர்கள் கழுவுகிறவருக்காக வெட்கப்பட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இதைத்தான் நாங்கள் ஊழியம் என்று அழைத்தோம்.

சீஷர்களின் காலைக் கழுவிய இயேசுவைப் போலப் போதகர் மேலங்கியைக் கழற்றி இடுப்பில் துவாய் கட்டினார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் படம் எடுத்தார். வெளிச்சம் வலப்பக்க ஜன்னலில் இருந்ததால் ஒவ்வொருவரும் வலது காலை மட்டும் நீட்டினால் போதும் என்று ஏற்பாடு. நான் பேசினைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தேன். பன்னிரண்டு பேருக்கும் ஒரே பேசின், ஒரே தண்ணீர்.

ஒன்பதாவது ஆள் அவள். இடது காலை நீட்டினாள். "வலது கால், அம்மா" என்றார் போதகர், அந்தப் பாலாடைக் குரலில். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வலது காலை எடுத்து, தானே பிடித்து, பேசினுக்கு மேலே வைத்தாள். சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் கீழே மஞ்சள் அப்பியிருந்தது. தண்ணீர் பட்டதும் மஞ்சள் கரைந்தது. உள்ளே ஒரு குழி. குழியின் ஓரம் கறுத்திருந்தது. வாடை எழும்பியது; செத்த எலி சுவருக்குள் கிடக்கும் வீட்டில் வருமே, அந்த வாடை.

போதகருடைய விரல்கள் பின்வாங்கியதை நான் இரண்டு அடி தூரத்தில் இருந்து பார்த்தேன். சுருங்கவில்லை, பதறவில்லை. அழகாக, ஒரு நத்தை கொம்பை உள்ளே இழுப்பது போலப் பின்வாங்கின. துவாயைக் கணுக்காலுக்கு மேலே, புண்ணுக்கு ஒரு சாண் தள்ளி, இரண்டு தட்டுத் தட்டினார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். படம் எடுப்பவர் எடுத்தார். பத்தாவது ஆளிடம் போனோம். நானும்தான் போனேன். பேசின் என் கையில்தானே இருந்தது.

பிரசங்கத்தில் அவள் வந்தாள். பெயர் சொல்லாமல், ஒரு தாய் என்று. தன் கால் தகுதியில்லாதது என்று வாசலில் நின்று கண்ணீர் விட்ட ஒரு தாய். கண்ணீர் போதகருடைய சேர்மானம். அவள் ஒன்பதாவது நாற்காலியில் உட்கார்ந்து, ஈரக் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, யாரைப் பற்றியோ கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தத் தண்ணீரை அழுக்குத் தண்ணீர் ஓடும் கானில் ஊற்றக் கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். உபதேசியார்தான் எடுத்துப்போய்ப் பின்புறத்துச் சவுக்கு மரத்தின் அடியில் ஊற்ற வேண்டும். எல்லாரும் போன பிறகு பேசினைத் தூக்கியவர் அப்படியே நின்றார். குனிந்து மோந்தார். விரலால் தண்ணீரைத் துழாவி, மிதந்த எதையோ எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாரு காலுய்யா இது?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல காரணங்கள் பின்னால் கண்டுபிடித்திருக்கிறேன். மறுநாள் பெரிய வெள்ளி, குழப்பம் வேண்டாம் என்று. ஞாயிறு கழித்துச் சொல்லலாம் என்று. உண்மை அதைவிட அற்பமானது. கட்டுரையின் முதல் பத்தி அதற்குள் மனதில் வந்திருந்தது, அதில் தேயிலை மணம் கமழும் பாதங்கள் இருந்தன.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூன்று மணி நேர ஆராதனை. ஏழு பேர், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு திருவார்த்தைகளைத் தியானிப்பார்கள், ஐந்தாவது எப்போதும் உபதேசியாருக்கு. மணி பன்னிரண்டு ஐந்து ஆகியும் ஆளைக் காணோம். போதகர் என் காதருகே வந்து, "சகோதரனைக் கொஞ்சம் பார்த்து வர முடியுமா? அன்பாகச் சொல்லுங்கள்" என்றார். பல்லுக்குள் கடித்துக்கொண்டிருந்த கோபம் பயிற்சியையும் மீறிக் கேட்டது.

லயத்துப் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் விசாரித்தேன். ஒருத்தி சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். "ஒங்க உபதேசியாருக்கு என்னாங்க ஆச்சு? விடிஞ்சதுலேருந்து லயம் லயமாப் போய் பொம்பளைங்க காலப் பாத்துகிட்டுத் திரியிறாரு. மேல் லயத்துல ஒருத்தி புருசன் அடிக்கவே வந்துட்டான்."

நான் 'தெரியல' என்று சொன்னதால், அவர் பன்னிரண்டு வீட்டுக்கும் போயிருக்கிறார். விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் நிற்கும் பெரட்டுக்களத்தில் தொடங்கி, ஒவ்வொரு பெண்ணாக நிறுத்தி, காலைக் காட்டு என்று கேட்டிருக்கிறார். ஏனென்று ஒருவரிடமும் சொல்லவில்லை. புண்ணாம், நாறுதாம் என்று ஒரு பெண்ணைப் பற்றித் தோட்டம் முழுக்கப் பேச வைக்க அவருக்கு மனமில்லை. அதற்குப் பதிலாகத் தன்னைப் பற்றிப் பேச வைத்துக்கொண்டார். அறுபத்திரண்டு வயதில், பெரிய வெள்ளிக்கிழமையன்று.

தொங்கல் காம்பராவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்துதான் கிடந்தது. அவள் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஆராதனைக்கென்று உடுத்திய வெள்ளை வேட்டியோடு தரையில் சம்மணமிட்டு, அவள் வலது காலை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் சட்டியில் உப்புப் போட்டுக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர். பழைய சேலைத் துண்டை நனைத்து நனைத்துக் குழியின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேட்டியில் மஞ்சளும் சீழும் ஊறி, தொடையோடு ஒட்டியிருந்தது. கையோ பிறந்த குழந்தையின் தலையைத் துடைக்கும் கை. வாய் மட்டும் நிற்கவில்லை.

"கூறு கெட்டவளே. எத்தன நாளா?"

"மூணு வாரம் இருக்கும்ணே. கவ்வாத்து மலையில தேயிலச் செடி வெட்டுன கட்ட குத்திருச்சி. ரப்பர் செருப்பத் தாண்டி எறங்கிருச்சி."

"மூணு வாரமா மஞ்சளத் தடவிக்கிட்டுக் குந்தியிருக்க. ஒடம்புல சீனி வருத்தம் இருக்கிறது தெரியும்ல? வீடு பூரா நாறுது, ஒனக்கு மூக்கு இல்ல?"

"வலிக்கவே இல்லண்ணே. அதான்."

"வலிக்காததுதாண்டி நோவு. வலிச்சிருந்தா நீ ஊரக் கூட்டியிருப்ப."

அவள் அழத் தொடங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்டிவிடுவார்கள் என்றாள். அவளுடைய அக்காவுக்கு இப்படித்தான் முழங்காலுக்குக் கீழே எடுத்து, ஆறு மாதம் இதே காம்பராவில், இதே பலகையில் கிடந்து, பீலிக்குப் போகக்கூட ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிச் செத்துப் போனாளாம். எனக்குக் கூப்பிட யாரு இருக்கா என்று கேட்டாள். அவளுக்கு அந்தக் கால்தான் எல்லாம். அது மலைக்கு ஏறும், கொழுந்து எடுக்கும், தண்ணீர் கொண்டு வரும், மகளுக்குப் போன் எடுக்க சிக்னல் உள்ள மேட்டுக்குப் போகும்.

இந்த இடத்தில் என்ன பேச வேண்டும் என்று பண்டாரவளையில் சொல்லித் தந்திருந்தார்கள். பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது, கர்த்தர் பார்த்துக்கொள்வார். உபதேசியார் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்து இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

"வெட்டுவாங்க" என்றார். "வெட்ட மாட்டாங்கன்னு ஒங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். இன்னைக்குப் போனா வெரலு. அடுத்த கெழம போனா காலு. அதுக்கும் அடுத்த கெழமன்னா நாந்தான் வந்து ஒனக்கு அடக்க ஜெபம் பண்ணணும். எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல. எந்திரி."

"நீங்க கூட இருப்பீங்களாண்ணே?"

"இருக்காம எங்க தொலையப் போறேன், கழுத."

அப்போதுதான் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். ஆராதனை தொடங்கிவிட்டது, ஐயா தேடுகிறார் என்று சொன்னேன். அன்பாகத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். 'தெரியல' என்று சொன்ன முகம் அது என்று அந்த நேரம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "என் பங்க நீங்களே வாசிச்சிருங்க. கீழ போற வழியில ஒரு ஆட்டோவ மேல அனுப்புங்க" என்றார்.

ஆட்டோவை அனுப்பினேன். பிறகு கோயிலுக்குப் போய் ஐந்தாவது வார்த்தையை வாசித்தேன். தாகத்தைப் பற்றியது. நன்றாக வாசித்தேன் என்றார்கள். இரண்டு பேர் அழுதார்கள். கீழே வளைவில் ஆட்டோ ஒன்று பசறைப் பக்கமாக இறங்கும் சத்தம் நடுவில் கேட்டது, நான் குரலைச் சற்று உயர்த்திக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சபைக் கமிட்டி கூடியது. பெரிய வெள்ளியன்று பங்கைக் கைவிட்டது, பெண்களின் வீடுகளில் முறையற்று நடந்துகொண்டது என்று உபதேசியார் மேல் இரண்டு குற்றம். போதகர் யாரையும் கடிந்து பேச விடவில்லை. சகோதரனுக்கு ஓய்வு தேவைப்படுகிறது என்றார், அவ்வளவுதான். முப்பது வருட ஊழியத்தை மயிலிறகால் வருடி வெளியே தள்ளினார்கள். கூட்டக் குறிப்பை நான்தான் எழுதினேன். ஓய்வு என்றே எழுதினேன். அவர் எங்கே போயிருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் பேசினால் கூட்டம் நீளும், கடைசி பஸ் போய்விடும். இப்படித்தான், ஒரு பஸ்ஸுக்காக.

மறுநாள் போதகரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனோம். இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். கால் தப்பிவிட்டது, இன்னும் நான்கைந்து நாள் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். உபதேசியார் கட்டில் பக்கத்தில் நின்று, சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் ஒதுங்கினார். போதகர் ஆப்பிள் பையை வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்தார். அவள் கண்ணை மூடி ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட காலுக்கு மேலே, காற்றில், ஒரு சாண் தள்ளிக் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு போதகர் நீண்ட ஜெபம் செய்தார். குரல் உடைந்தது. அடுத்த கட்டில்காரியின் சிங்கள உறவினர்கள்கூட எழுந்து நின்றார்கள். முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு வேறொரு வார்டில் ஆள் இருக்கிறார் என்று போய்விட்டார்.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். "போயிட்டாரா?"

"அடியே, தூங்கவே இல்லையா நீ?" என்றார் உபதேசியார். "பெரிய மனுசன் வந்து நிக்கிறாரு, நடிச்சிக்கிட்டுக் கெடக்குற."

"முழிச்சிருந்தா இன்னும் அழுவாருண்ணே. அவரத் தேத்துறதுக்கு எனக்குத் தெம்பில்ல." பிறகு சோற்றைப் பார்த்தாள். "மறுபடியும் பருப்பா? நேத்தே சொன்னேன்ல, மீனு வாங்கிட்டு வாங்கன்னு. காதுல என்னா வச்சிருக்கீங்க?"

"மீனு கேக்குது, ரெண்டு வெரலு போன கழுதைக்கு."

இருவரும் சண்டை போட்டுக்கொண்டே சாப்பாட்டைப் பங்கு வைத்தார்கள். நான் கட்டிலின் காலடியில், எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல் நின்றேன். சட்டென்று அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் அன்னைக்குப் பாத்தீங்கதானேங்க ஐயா? பேசினப் புடிச்சிக்கிட்டு."

"பாத்தேன்."

உபதேசியார் கையில் இருந்த சோறு நின்றது. அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். கூறு கெட்டவனே என்று ஒரு சொல். கழுதை என்றாலும் போதும். நான் அந்த வார்டில் கேட்க வந்தது அது ஒன்றைத்தான் என்று அப்போது தெரிந்தது.

"பரவால்லங்க ஐயா" என்றாள், மிகவும் மரியாதையாக. "நின்னுக்கிட்டே இருக்கீங்களே. அந்த நாக்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க."

பிறகு அவர் பக்கம் திரும்பி, உப்பு எங்கே, அதையும் மறந்தாச்சா என்று கேட்கத் தொடங்கினாள்.